எல்லார்க்கும் எட்டும் எழுத்து

நாகப்பட்டினத்திற்குத் தெற்கே வங்கக் கடலின் கரையில் அமைந்த ஊர் வேளாங்கண்ணி. ஒருபுறம் காவிரி வளப்படுத்தும் நெல்வயல்கள். மறுபுறம் ஓயாது ஒலிக்கும் அலைகள். ஆண்டுதோறும் ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேறிச் செப்டம்பர் 8ஆம் நாள் நிறைவுறும் திருவிழாவிற்குப் பலமொழி பேசும் மக்களும் இங்கே வந்து குழுமுவர். இவ்வூர்க் கடல் அழகியது, அஞ்சத்தக்கதும் ஆகும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையில் நின்றவர்களில் பலரை வாரிச் சென்றது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜாப் புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. ஆதலின் இங்கு வாழ்வோர்க்கு எச்சரிக்கை அறிவிப்பு என்பது உயிர்காக்கும் செய்தியாகும்.

அத்தகைய அறிவிப்பு ஒன்று கைப்பேசியில் வருவதாகக் கொள்வோம். "தாழ்ந்த பகுதியில் உள்ளோர் மாலை 6 மணிக்குள் பள்ளிக் கட்டடத்திற்குச் செல்க" என்று வண்ண எழுத்துகளால் எழுதி, அதனைப் படமாக்கி அனுப்பியுள்ளனர். கண்ணுடையார் நொடியில் படித்துவிடுவர். பார்வையற்ற ஒருவர் கையிலும் அதே கைப்பேசி இருக்கின்றது. அவர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் படிப்பவர். திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாக்கிக் காதில் கூறுவது அதன் தொழில். ஆனால் இவ்வறிவிப்பைத் தொட்டவுடன் அது "படம்" என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லி நின்றுவிடுகின்றது! படத்தில் உள்ள எழுத்தை ஊகித்துப் படிக்கும் வசதி இந்நாளில் சில கருவிகளில் உண்டு. எனினும் அலங்கார எழுத்தில் அது தடுமாறுதல் கூடும். ஆறு மணி எட்டு மணியாகிவிட்டால் என் செய்வது?

படமாக இல்லாமல் எழுத்தாகவே அனுப்பினால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். அதிலும் ஒரு தொல்லை இருந்தது. இன்றும் ஓரளவு இருக்கின்றது. கணினியில் தமிழ் புகுந்த தொடக்கக் காலத்தில் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் உருவங்களை வைத்து எழுத்துருக்களைச் செய்தனர். 'பாமினி' என்பது அவற்றுள் ஒன்று. அதில் 'அம்மா' என்று நம் கண்ணுக்குத் தோன்றுவது, கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளின் வரிசையே ஆகும். திரைவாசிப்பான் உருவத்தைப் பாராது, குறியையே படிக்கும். ஆகவே அன்னையை அழைக்கும் சொல் அதன் வாயில் பொருளற்ற பிதற்றலாக வெளிவரும்.

இக்குழப்பத்தை நீக்க அறிஞர் பலர் முயன்றனர். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டிற்கும் தரங்கள் வகுக்கப்பட்டன. தமிழ் 99 என்னும் விசைப்பலகை அவ்வாறு தோன்றியதே. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி முறையில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம் பெற்றிருந்தது. 2010இல் தமிழக அரசு அதனைத் தரமாக ஏற்றது. ஒருங்குறியில் எழுதிய 'அம்மா' எந்தக் கணினிக்கும் அம்மாவே.

இனி, படமாக அனுப்பிய எழுத்தர் மீதும், பழைய எழுத்துருவில் அச்சிட்டவர் மீதும் குறை கூறலாமா? கூடாது என்பதே என் கருத்து. அவர்கள் தீங்கு எண்ணியவர் அல்லர். கருவி காட்டிய வழியில் சென்றவர்கள். ஊர்தோறும் எழுதுவோர் எத்தனை பேர்! அவ்வளவு பேருக்கும் தனித்தனியே பாடம் நடத்துதல் இயலுமோ? எழுதும் மென்பொருளைச் செய்வோரோ சிலரே. அவர்கள் தம் கருவியைச் செம்மையாக அமைத்துவிட்டால், விவரம் அறியாதவர் எழுதினாலும் எழுத்து எல்லார்க்கும் எட்டும். வாய்க்கால்தோறும் அலைவதைவிட மதகைச் செப்பனிடுதல் எளிது என்பதைக் காவிரி நாட்டு உழவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதனை உணர்ந்தது. வலைப்பக்கங்களுக்கு விதிகள் வகுத்ததோடு அமையாமல், பக்கங்களை உருவாக்கும் கருவிகளுக்கும் 2000ஆம் ஆண்டு விதிகளை வெளியிட்டது. 2015இல் அவற்றைத் திருத்தி இரண்டாம் பதிப்பாகத் தந்தது. அவ்விதிகள் இரு பகுதிகளாக உள்ளன. கருவியால் ஆக்கப்படும் பொருள் யாவர்க்கும் பயன்படுமாறு கருவியே துணைபுரிய வேண்டும் என்பது ஒரு பகுதி. படத்தைச் சேர்க்கும்போது 'இதில் இருப்பது யாது?' என்று கருவி எழுதுவோரை வினவ வேண்டும். எழுதிய விளக்கத்தைச் சேமிக்கையில் தொலைத்துவிடுதல் ஆகாது. குறைகள் இருப்பின் சுட்டிக்காட்டவும், திருத்தும் வழியைச் சொல்லவும் வேண்டும்.

மற்றொரு பகுதி இதனினும் சிறந்தது என்பேன். கருவியை இயக்குவோரும் பார்வையற்றவராக இருக்கலாம். கை நடுக்கமுற்றவராக இருக்கலாம். சுட்டெலியைத் தொடாமல் விசைகளாலேயே எல்லாப் பணிகளையும் செய்ய இயலுமாறு கருவி அமைதல் வேண்டும். பார்வையற்றோரைப் படிப்போராகவே எண்ணுகிறோம், எழுதுவோராக எண்ணுவதில்லை. ஆனால் வரலாறு என்ன சொல்கின்றது? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலி நாட்டுப் பெல்லக்ரினோ துர்ரி என்பவர், பார்வையிழந்த சீமாட்டி ஒருவர் தம் கையாலேயே மடல் வரைவதற்கென ஒரு பொறியைச் செய்து கொடுத்தார். முதன்முதல் தோன்றிய தட்டச்சுப் பொறிகளுள் அது ஒன்று. பொறி அழிந்துவிட்டது, அதில் அடித்த மடல்கள் சில எஞ்சியுள்ளன. நம் காலத்தில் பரவலாக வழங்கும் என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானை 2006இல் தொடங்கிய ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் பார்வையற்றவரே. உடன் உழைத்த ஜேம்ஸ் டேயும் அத்தகையவரே.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவலை அணுகுதலை உரிமையாக்கியது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐரோப்பியத் தரத்தைத் தழுவி ஐஎஸ் 17802 என்னும் தரத்தை 2021, 2022ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டது. ஆயினும் தரம் வேறு, கட்டாயம் வேறு. 'இயன்றால் செய்க' என்னும் விதியைப் பலர் இயலாததாகவே கொள்வர். 2024ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ராஜீவ் ரதூரி என்பாரின் வழக்கில் உச்சநீதிமன்றம் இக்குறையை எடுத்துக்காட்டியது. அணுகுதல் பற்றிய விதிகள் வெறும் பரிந்துரையாக நிற்றல் சட்டத்திற்கு முரண் என்று கூறி, கட்டாய விதிகளைத் தனியே வகுக்குமாறு நடுவணரசைப் பணித்தது.

மீண்டும் நம் அறிவிப்பிற்கு வருவோம். எழுத்தர் படத்தை இணைக்கின்றார். கருவி, 'இப்படத்தில் உள்ள செய்தியை எழுதுக' என்று ஒரு கட்டத்தைக் காட்டி நிற்கின்றது. அவர் இரண்டு வரி எழுதுகின்றார். அரை நிமிடம் ஆகின்றது. வேளாங்கண்ணியில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவர் தம் கைப்பேசியைத் தொடுகின்றார். அது, "மாலை 6 மணிக்குள் பள்ளிக் கட்டடத்திற்குச் செல்க" என்று தெளிவாகக் கூறுகின்றது. அவர் கோலை எடுத்துக்கொண்டு எழுகின்றார். பக்கத்து வீட்டாரையும் அழைக்கின்றார்.