தடையும் விலையும் தீவகமும்

விலைவாசி ஏறினால் மக்கள் மனம் வெதும்புவது இயல்பு. ஆயினும், ஒரே விலையேற்றம் எல்லா ஊர்களிலும் ஒரே அளவான துன்பத்தை விளைவிப்பதில்லை. கொழும்பிலே தாங்கக்கூடியதாய்த் தோன்றும் சுமை நெடுந்தீவிலே தாங்கொணாததாய் விடுவது ஏன்? ஓர் அரசு வேண்டுமென்றே விதிக்கும் பொருளாதாரத் தடைக்கும், அந்நியச் செலாவணி இன்மையால் வந்து சேரும் தட்டுப்பாட்டுக்கும் வேறுபாடு யாது? பணவீக்கம் தணிந்துவிட்டது என்று அறிக்கைகள் கூறும் வேளையிலும் சந்தைக்குச் சென்றவர் சினத்தோடு திரும்புவது எதனால்? ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய யாழ்ப்பாணத் தீவுகளின் அனுபவத்தைக் கொண்டு இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

முதலில் தீவகத்தின் அமைப்பை மனத்திற்கொள்ளல் வேண்டும். ஊர்காவற்றுறை அமைந்துள்ள வேலணைத் தீவு பண்ணைப் பாலத்தின் வழியே யாழ்ப்பாண நகரோடு தரைத்தொடர்பு உடையது. வேலணையிலிருந்து தாம்போதி ஒன்று புங்குடுதீவை இணைக்கின்றது. புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகாட்டுவான் இறங்குதுறையோடு தரைவழி முடிவடைகின்றது. அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கடல்வழி ஒன்றே வழி. நயினாதீவு கூப்பிடு தூரம் போல அண்மையில் உள்ளது. நெடுந்தீவுக்கோ படகிலே ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்ல வேண்டும். காற்றுக் கடுமையாக வீசும் நாள்களிலே அப்பயணமும் நிச்சயமன்று.

கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் ஒரு மூடை மா நெடுந்தீவுக் கடையைச் சேருமுன் கடக்கும் வழியைப் பாருங்கள். பாரவூர்தியில் யாழ்ப்பாணம், அங்கிருந்து வேறு வண்டியில் குறிகாட்டுவான், பின்பு படகு, படகிலிருந்து இறக்கிய பின் மீண்டும் ஒரு வண்டி. ஏற்றுகூலியும் இறக்குகூலியும் ஒவ்வோரிடத்தும் சேரும். அந்த நான்கு பயணங்களுக்கும் எரிபொருள் வேண்டும். ஆகவே எரிபொருளின் விலை ஏறும்போது நகரத்தவர் அதை ஒரு முறை செலுத்த, தீவகத்தவர் நான்கு முறை செலுத்துகின்றனர்.

இது வாங்குவோன் நிலை. விற்போன் நிலையும் இதுபோன்றதே. நெடுந்தீவு மீனவர் பிடித்த மீன் நகரச் சந்தைக்குப் போக வேண்டும். அதற்குப் படகுக்கூலியும் பனிக்கட்டிச் செலவும் உண்டு. மீனோ அழுகும் பொருள். நல்ல விலை வரும்வரை வைத்திருக்க இயலாது. எனவே கரையில் நிற்கும் வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுத்துவிட நேரிடுகின்றது. வாங்கும்போது கூடிய விலை, விற்கும்போது குறைந்த விலை என்னும் இந்த இரட்டை நட்டமே தீவக வாழ்வின் அடிப்படைச் சிக்கல்.

இனித் தடை என்பதை நோக்குவோம். 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதம் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் செல்லும் பொருள்கள் பலவற்றுக்கு அரசாங்கம் தடை விதித்தது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, இரசாயன உரம் முதலியன அப்பட்டியலில் அடங்கின. போருக்குப் பயன்படக்கூடிய பொருள் விடுதலைப் புலிகளின் கையைச் சேராதிருக்கவே இத்தடை என்று காரணம் கூறப்பட்டது. உணவும் மருந்தும் அரசாங்க அதிபர் வழியாக வந்தபோதிலும், அவை தேவைக்குப் போதியனவாக இருக்கவில்லை. ஆனையிறவுப் பாதை அடைபட்டபின், கிளாலிக் கடனீரேரியைப் படகிலே கடந்து வந்த சரக்கின் மீது உயிராபத்தின் விலையும் ஏறியது. புலிகள் அறவிட்ட வரியும் ஏறியது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகம் அரச படைகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மக்களிற் பெருந்தொகையினர் குடாநாட்டுக்கு இடம்பெயர, பண்ணைப் பாலத்துப் போக்குவரத்தும் நின்றது. சந்தை ஒரு பக்கம், வீடும் வள்ளமும் மறுபக்கம் என்றாயிற்று.

அக்காலத்து மக்கள் கையாண்ட உபாயங்கள் பலருக்கு நினைவிருக்கும். சிறு போத்தலிலே பஞ்சையிட்டுச் சில துளி மண்ணெண்ணெயில் எரித்த விளக்கு. மின்கலம் இன்மையால் மிதிவண்டியின் சக்கரத்தைக் கையாற் சுழற்றி, அதன் மின்னாக்கியால் இயங்கச் செய்த வானொலி. சவர்க்காரத்துக்குப் பதிலாக ஆடை வெளுக்க உதவிய பனம்பழம் ஆகியவற்றை இன்று வியந்து பேசுகின்றோம். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. உரமில்லாத தோட்டம் விளைச்சல் குன்றியது. எரிபொருள் இல்லாத வள்ளம் கரையில் உலர்ந்தது. உபாயம் மனிதனின் திறமையைக் காட்டுமே அன்றி, இழந்த வருவாயைத் திருப்பித் தராது. 2002 ஜனவரியிலேயே அத்தடைகள் பெரும்பாலும் நீங்கின. 2006 ஓகத்தில் முகமாலையூடான நெடுஞ்சாலை மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்து விலைகள் மீண்டும் எகிறின. 2009 ஆம் ஆண்டிலேயே அவ்வழி திறக்கப்பட்டது.

இறக்குமதி தடைபட்டால் எப்பொழுதும் தீமையே விளையும் என்பதும் முழு உண்மையன்று. 1970 ஆம் ஆண்டுக்குப் பிந்திய சில ஆண்டுகளில், அந்நியச் செலாவணியைச் சேமிக்க வேண்டி வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. அப்போது பாணுக்கு வரிசையில் நின்ற நாட்டிலே யாழ்ப்பாணத்து வெங்காயச் செய்கையாளர் நல்ல வருவாய் கண்டனர். இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், அக்காலத்திலே அவர்களுக்கு உரமும் கிடைத்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெயும் கிடைத்தது. விளைபொருளைத் தென்னிலங்கைக்கு அனுப்பப் பாதையும் திறந்திருந்தது. உள்ளே வரும் வழியும் வெளியே செல்லும் வழியும் ஒருங்கே அடைபடும்போதுதான் தடை கழுத்தை நெரிக்கின்றது.

2022 ஆம் ஆண்டிலே வந்த நெருக்கடி வேறு வகையினது. அதை எந்தப் பகைவனும் விதிக்கவில்லை. வரிக்குறைப்பு, மிதமிஞ்சிய கடன், பெருந்தொற்றால் நின்றுபோன சுற்றுலா வருவாய், 2021 மே மாதத்தில் விதிக்கப்பட்ட இரசாயன உரத் தடை ஆகிய யாவும் கூடி நாட்டின் கருவூலத்தில் டொலர் இல்லாமற் செய்தன. 2022 ஏப்ரில் 12 ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்திவைத்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு 69.8 வீதம், உணவுப் பொருள்களுக்கு மட்டும் 94.9 வீதம்.

தீவக மீனவரின் சிறு வள்ளங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுவன. மண்ணெண்ணெயோ சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையத்திலே வடிக்கப்படுவது. கச்சா எண்ணெய் வாங்க டொலர் இன்றி அந்நிலையம் 2022 மார்ச்சில் மூடப்பட்டது; மே மாத இறுதியிலே ரஷ்யாவிலிருந்து வந்த 90,000 மெற்றிக் தொன் எண்ணெயைக் கொண்டே மீண்டும் இயங்கியது. ஜூன் மாதத்தில் இந்திய அரசு 15,000 லீற்றர் மண்ணெண்ணெயை நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு உள்ளிட்ட இடங்களின் மீனவர் 700 பேருக்கும் படகுச் சேவைக்கும் வழங்கியது. நன்றிக்குரிய உதவியே அது. ஆயினும் பங்கிட்டுப் பார்த்தால் ஒருவருக்கு 22 லீற்றரும் வராது. 

பின்பு ஓகத்து மாதத்தில், 87 ரூபாவுக்கு விற்ற ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 20 லீற்றர் எரிக்கும் வள்ளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பு அதன் எண்ணெய்ச் செலவு 1,740 ரூபா. பின்பு 6,800 ரூபா. வலையில் விழும் மீன் நான்கு மடங்காகவில்லை. கடலுக்குப் போவதா, போகாது விடுவதா என்பதே அன்றாடக் கேள்வியாயிற்று.

இப்போது ரஷ்யாவை நோக்குவோம். 2022 பெப்ரவரியில் அந்நாடு உக்ரேன்மீது படையெடுத்தபின், மேலை நாடுகள் அதன் வெளிநாட்டுச் சேமிப்பில் ஏறத்தாழ 30,000 கோடி டொலரை முடக்கின. ரஷ்ய மத்திய வங்கி வட்டி வீதத்தை 20 ஆக உயர்த்தியது. ஏப்ரிலில் அங்கு பணவீக்கம் 17.8 வீதத்தை எட்டியது. ஆயினும் ரஷ்யா வீழ்ந்துவிடவில்லை. காரணம், அதனிடம் விற்பதற்கு எண்ணெய் இருந்தது. வாங்குவதற்கு இந்தியாவும் சீனாவும் இருந்தன. ஆனால் போருக்குப் பணம் கொட்டப்பட்டமையாலும், உழைப்பாளருக்குப் பஞ்சம் ஏற்பட்டமையாலும் விலைகள் ஓயவில்லை. 2023 இறுதியில் முட்டை விலை ஏறியமைக்காக அந்நாட்டுச் சனாதிபதியே மக்களிடம் தொலைக்காட்சியில் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. 2024 ஒக்டோபரில் வட்டி வீதம் 21 ஆயிற்று. நாட்டின் உற்பத்தி வளர்ந்தது என்ற அறிக்கையை ஒரு கையிலும், வெண்ணெயின் விலைச்சீட்டை மறு கையிலும் வைத்துக்கொண்டு அங்குள்ள குடும்பத்தலைவியும் கணக்குப் பார்த்தாள். அந்தப் போரினால் உலகச் சந்தையில் எண்ணெயும் கோதுமையும் விலையேறியபோது, கையில் டொலர் இல்லாத இலங்கையும் அதே விலையைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அறிக்கைக்கும் சந்தைக்கும் உள்ள முரண்பாட்டை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்கூடை, ஓராண்டின் பின் ஏறத்தாழ 170 ரூபா ஆயிற்று. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதமாக இறங்கியது. கூடையின் விலையோ 172 ரூபா. 2024 செப்டெம்பரில் அது பூச்சியத்துக்கும் கீழே அரை வீதம் சென்றது. அப்போதும் கூடை 171 ரூபா. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகமே அன்றி விலையின் உயரம் அன்று. வேகம் நின்றது உண்மை. உயரம் நின்றபடியே நின்றது. 100 ரூபாக் கூலி பெற்றவருக்கு அப்போது 171 ரூபா கிடைத்தாலன்றி, அவர் பழைய நிலையை அடையவில்லை. ஆகவே புள்ளிவிவரமும் பொய்யன்று. சந்தையிலிருந்து திரும்புபவரின் சினமும் பொய்யன்று.

மக்களின் சினம் வரலாற்றை மாற்றுவதும் உண்டு. 1953 இல் பங்கீட்டரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகத்து 12 ஆம் நாள் எழுந்த ஹர்த்தால் அவ்வாண்டிலேயே பிரதமரின் பதவி விலகலுக்கு வழிவகுத்தது. 2022 ஜூலையில் ஒரு சனாதிபதி நாட்டைவிட்டே சென்றார். ஆனால் சினம் ஆட்சியை மாற்றும். குறிகாட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடைப்பட்ட கடலைச் சுருக்காது.

அதற்கு வேறு பணிகள் வேண்டும். காற்றும் வெயிலும் நிறைந்த தீவுகளிலே டீசலை எரித்து மின்சாரம் ஆக்குவது எரிபொருளுக்கு அடிமைப்படுவதாகும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் 1,700 கிலோவாற்று சூரிய மின்சக்தியும் 530 கிலோவாற்று காற்று மின்சக்தியும் ஆக்கும் திட்டத்துக்கு, இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச் 1 ஆம் நாள் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அம்மின்சாரம் பனிக்கட்டி ஆக்கவும் மீனைக் குளிரில் வைக்கவும் பயன்படுமாயின், மீனவர் வியாபாரியின் விலைக்குத் தலைவணங்க வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் மாரிக்காலத்துக்கு முன்னரே அரிசியையும் மாவையும் எண்ணெயையும் தீவுகளில் இருப்பு வைத்தால், கடல் கொந்தளிக்கும் வாரங்களில் விலை ஏறாது. படகுச் சேவைக்குரிய எரிபொருளை முதலுரிமையாக ஒதுக்குவதும் அத்தகையதே.

தடையை விதிப்போரும் கடனை வாங்குவோரும் தலைநகரங்களில் இருக்கின்றனர். அவர்களுடைய முடிவுகள் பாதையின் கடைசியிலே வாழ்பவரைத்தான் மிகுந்த பாரத்தோடு வந்தடைகின்றன. ஒரு நாட்டின் பொருளாதாரம் சீர்பெற்றுவிட்டதா என்று அறிய விரும்புவோர், மத்திய வங்கியின் அறிக்கையோடு நெடுந்தீவுக் கடையொன்றின் விலைப்பலகையையும் பார்த்தல் நன்று.