பிளேட்லெட்டுக்கு மேலே உள்ள எண்

டெங்கு நோயாளி இருக்கும் வீட்டில் காலையும் மாலையும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: பிளேட்லெட் எவ்வளவு? ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது அறுபதாயிரம் என்று வந்தால் வீடே கலங்கிவிடுகிறது. அதே ரிப்போர்ட்டில் சில வரிகள் மேலே ஹீமட்டோகிரிட் அல்லது பி.சி.வி. என்று அச்சாகியிருக்கும் எண்ணை யாரும் விசாரிப்பதில்லை. டெங்குவில் ஆபத்து நெருங்குவதைக் காட்டுவதில் பிளேட்லெட்டைவிட அந்த எண்ணுக்கே மதிப்பு அதிகம் என்பேன்.

ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்திருக்கின்றன என்பதே ஹீமட்டோகிரிட். இப்போது அதை இயந்திரமே கணக்கிட்டுத் தருகிறது. பழைய முறையில், மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, ஒரு முனையைக் களிமண் போன்ற பசையால் அடைத்து, நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்று வேகத்தில் ஐந்து நிமிடம் சுழற்றுவார்கள். அடியில் சிவப்பணுக்கள் இறுகி நிற்கும். அதன்மேல் வெள்ளையணுக்களும் பிளேட்லெட்டுகளும் சேர்ந்த மெல்லிய வெண்படலம். எல்லாவற்றுக்கும் மேலே வெளிர் மஞ்சளாகப் பிளாஸ்மா. டெங்கு தீவிரமாகும்போது நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் கசிகிறது. பிளாஸ்மா வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் இறங்கிவிடுகிறது, சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே தங்குகின்றன. எனவே நாற்பதாக இருந்த ஹீமட்டோகிரிட் நாற்பத்தெட்டாகிறது. இப்படி 20 சதவீதம் உயர்வதைப் பிளாஸ்மா கசிவின் அடையாளமாக உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. கசிவை ஈடுகட்டாவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். இது நேர்வது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் தணிந்துவிட்டது என்று வீட்டார் நிம்மதியடையும் அதே ஒன்றிரண்டு நாட்களில்.

பிளேட்லெட் குறைந்தால் ரத்தம் கசியாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஹீமட்டோகிரிட் ஏறும்போது பிளேட்லெட் வேகமாகச் சரிவதும் எச்சரிக்கைதான். ஆனால் கடுமையான ரத்தப்போக்கு அதிர்ச்சி நிலை நீடித்தவர்களிடமே அதிகம்; பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் வைத்து அதைக் கணிக்க முடிவதில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, பிளேட்லெட் இருபதாயிரமோ அதற்குக் கீழோ இறங்கியும் பெரிய ரத்தப்போக்கு இல்லாத பெரியவர்களை எடுத்துக்கொண்டது. முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தப்போக்கு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. போதாக்குறைக்கு, ரத்தம் உறையாமலிருக்க லேப் குழாயில் சேர்க்கும் ரசாயனத்தால் சிலரது பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, இயந்திரம் குறைத்து எண்ணிவிடுவதும் உண்டு. குணமாகும் கட்டத்தில் பிளேட்லெட் தானாகவே ஏறும். நல்ல பெயர் அன்றைக்குக் குடித்த பப்பாளி இலைச் சாற்றுக்குப் போகிறது.

ஹீமட்டோகிரிட் மட்டும் ஏமாற்றாதா? ஏமாற்றும். ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு முப்பதிலிருந்து முப்பத்தாறுக்கு ஏறினால் அதுவும் 20 சதவீத உயர்வுதான். ஆனால் பல லேப்களின் அட்டவணையில் முப்பத்தாறு 'நார்மல்'. காய்ச்சலின் தொடக்கத்திலேயே ஒருமுறை பார்த்து வைத்தால்தான் பிந்தைய எண்ணுக்கு அர்த்தம் உண்டு. உள்ளே ரத்தம் கசிந்தால் எண் இறங்கும், சலைன் ஏற்றினாலும் இறங்கும். நாடி, ரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு ஆகியவற்றோடு சேர்த்தே மருத்துவர் அதைப் படிக்கிறார்.

என்எஸ்1, ஐஜிஎம் பரிசோதனைகள் வந்திருப்பது டெங்குவா என்பதைச் சொல்கின்றன. நோயாளி எந்த நிலையில் இருக்கிறார் என்பதை அல்ல. வைரஸின் புரதமான என்எஸ்1 முதல் சில நாட்களில் தெரியும். உடல் உருவாக்கும் ஐஜிஎம் நான்கைந்து நாள் கழித்தே தலைகாட்டும். இரண்டாம் முறை டெங்கு வந்தவர்களிடம் என்எஸ்1 சீக்கிரமே மறைந்துவிடக்கூடும். கடுமையான பிளாஸ்மா கசிவுக்கு வாய்ப்பு அதிகமும் அவர்களுக்கே. 'நெகடிவ்' என்று வந்த ரிப்போர்ட்டிலும் பி.சி.வி. வரியைத் தேடிப் பார்க்க வேண்டியிருப்பது அதனால்தான்.