தோசைக்கல்லில் பீட்சா

நேப்பிள்ஸ் நகரத்து விறகு அடுப்பு 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் கனலும். உள்ளே போன பீட்சா ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். எங்கள் ஊர் ஆலங்காயத்து வீடுகளில் அந்த அடுப்பு இல்லை, கனத்த இரும்புத் தோசைக்கல் இருக்கிறது. அதுவே போதும்.

கல்லின் சூடு மாவின் அடிப்பக்கத்தோடு நின்றுவிடும். ஆகவே தட்டிய மாவை ஒரு பக்கம் சுட்டுத் திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தில் பரப்ப வேண்டியதைப் பரப்பி, மூடிபோட்டுத் தீயைக் குறையுங்கள். சீஸ் உருகும் நேரத்தில் அடிப்பக்கமும் சிவந்திருக்கும்.

மைதாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது அதன் புரதங்கள் பின்னி, இழுபடும் வலையாகின்றன. ஈஸ்ட் வெளிவிடும் கரியமில வாயு அந்த வலைக்குள் சிக்குவதால் மாவு உப்புகிறது. 40 டிகிரியைத் தொடும் நம் பக்கத்துக் கோடையில் ஈஸ்ட் அளவுமீறி வேகம்கொள்ளும். மாவு சீக்கிரமே பொங்கித் தளர்ந்துவிடும். பாதி ஈஸ்ட் போட்டு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். மெதுவாகப் புளித்த மாவின் மணமே தனி. ஜவ்வாது மலைச் சாமையை அரைத்தும் சேர்க்கலாம். சாமைக்கு அந்த வலையைப் பின்னும் புரதம் கிடையாது என்பதால் கால் பங்குக்கு மேல் போனால் மாவு விண்டுபோகும்.

மேலே என்ன வைப்பது? பச்சைத் தக்காளித் துண்டுகள் வேண்டாம். தக்காளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்; மூடிக்குள் அது கசிந்து மாவைச் சொதசொதவென ஆக்கும். என் முதல் தேர்வு, ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் புளிப்புக் கத்தரிக்காய்தான். நீர் சுண்டி எண்ணெய் பிரியும்வரை வதக்கியது என்பதால் மாவை நனைக்காது. புளியின் புளிப்பும் மிளகாயின் காரமும் சீஸின் கொழுப்பைச் சரியாக எதிர்கொள்ளும். தக்காளிச் சாஸ் செய்யும் வேலையை இதைவிட நன்றாகச் செய்ய நம் சமையலறையில் வேறொன்றும் இல்லை என்பேன். மிஞ்சிய கோழி வறுவலைப் பிய்த்து இதன்மேல் தூவலாம்.

மொசரெல்லா என்பது வெந்நீரில் இழுத்து இழுத்துச் செய்யும் சீஸ். சூடு பட்டால் நூலாக நீளும். பனீர் அப்படியில்லை. கொதித்த பாலில் புளிப்பு சேர்த்துத் திரித்தது, எவ்வளவு சூட்டிலும் உருகாது. அதனால் பனீரைத் தனியே சிவக்க வறுத்துப் போடுங்கள். முருங்கைக்கீரையைச் சீஸுக்கு அடியில் வைத்தால் காய்ந்துபோகாது. பலாச்சுளை பிடித்தவர்கள் கல்லிலிருந்து இறக்கிய பிறகு மெலிதாக நறுக்கித் தூவட்டும்.