எண்ணெய் அளவும் வண்ணப் பூச்சும்

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே நாள்தோறும் ஓடும் மோட்டார் சைக்கிள்களில், எஞ்சின் ஆயில் உராய்வைக் குறைப்பதோடு வெப்பத்தையும் கடத்துவதால், அதன் அளவு குறைந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் விரைந்து தேயும். எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணைத்து, ஆயில் அடியில் இறங்கும்வரை பொறுத்து, சமதளத்தில் வண்டியை நிமிர்த்தி நிறுத்திய பிறகே டிப்ஸ்டிக் எனப்படும் அளவுகோலைப் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டி காட்டும் அளவு தவறானது. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கேடே. வண்ணப் பூச்சுக்கோ, காலையில் உலர்ந்த துணியால் தூசி துடைக்கும் பரவலான பழக்கமே முதல் பகை, ஏனெனில் துணியில் சிக்கும் மணல் துகள்கள் மெல்லிய கீறல்களை இடுகின்றன. முதலில் நீரூற்றிக் கழுவி, ஈரம் போக்கி, மெழுகு பூசுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், சேறு தங்கித் துருவேறும் மட்கார்டின் உட்புறத்தையும் ஒருமுறை பாருங்கள்.