மையில் தெரிந்த பகை

மனித மூளையை மூன்று மெல்லிய உறைகள் போர்த்துக் காக்கின்றன. மூளையினின்று கீழிறங்கும் தண்டுவடத்தையும் அவ்வுறைகளே சூழ்ந்துள்ளன. அவற்றினிடையே பளிங்கு போன்ற தெளிந்த நீர் ஒன்று இடையறாது சுழன்று வரும். நோய்க்கிருமி புகுந்து இவ்வுறைகளைப் புண்படுத்துமாயின், அதனை மூளையுறை அழற்சி என்பர் மருத்துவ நூலார். பாக்டீரியாவாலும் வைரசாலும் இந்நோய் வருதல் பலரும் அறிந்ததே. பூஞ்சையாலும் அது வரும் என்பதும், அங்ஙனம் வருவது பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கே என்பதும் அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை.

ஊறுகாய்ச் சாடியின்மேற் படரும் வெண்படலமும், மழைக்காலத்தில் தோற்செருப்பிற் பூக்கும் பூசணமும், ரொட்டி மாவை உப்பச் செய்யும் ஈஸ்ட்டும் பூஞ்சைக் குலத்தனவே. அக்குலத்தைச் சேர்ந்த ஒன்றுக்குக் கிரிப்டோகாக்கஸ் என்று பெயர். 'மறைந்திருக்கும் மணி' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பெயரிட்டவர் நன்கு அறிந்தே இட்டார் போலும்! 1894-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் சான்பெலிசே இதனைப் பீச்சுப் பழச்சாற்றில் கண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் செருமானிய மருத்துவர் புசே, புஷ்கே என்னும் இருவர், நோயுற்ற ஒரு பெண்ணின் கீழ்க்கால் எலும்பில் இதனைக் கண்டனர்.

புறாவின் எச்சம் கலந்த மண்ணில் இப்பூஞ்சை செழித்து வளரும். காற்றிற் பறக்கும் அதன் நுண்துகள் மூச்சோடு நுரையீரலை அடையும். உடல் வலிமை உடையார்க்கு இதனால் தீங்கு நேர்வது அரிது. குருதியின் காவல் அணுக்கள் அதனை வளைத்துச் சிறை வைத்துவிடும். ஆனால், சிறைப்பட்ட பகை எப்போதும் செத்துவிடுவதில்லை. ஆண்டுக் கணக்கில் அது உறங்கிக் கிடத்தலும் உண்டு. எச்.ஐ.வி. என்னும் வைரஸ் உடலிற் புகுந்து காவல் அணுக்களுள் சிறந்தனவாகிய சி.டி.4 அணுக்களை அழித்துவிடும்போது, உறங்கிய பகை எழுகின்றது. ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் 500-க்கு மேல் இருக்கவேண்டிய அவ்வணுக்கள் 100-க்கும் கீழே குறையும் நிலையிலேயே அச்சம் மிகுதி. மாற்றுச் சிறுநீரகம் பெற்று, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்போரையும் இது தாக்கும். ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு இது தொற்றுவதில்லை. ஆதலின் நோயாளியைக் கண்டு விலகுவது அறியாமையே ஆகும்.

இந்நோய் ஓசையின்றி வரும். முதலில் தலைவலியும் இளங்காய்ச்சலும் தோன்றும். அவை வாரக் கணக்கில் நீடிக்கும். பின்னர் வாந்தியும் பார்வை மங்கலும் அறிவு மயக்கமும் வந்து சேரும். சாதாரணத் தலைவலி என்றும் மலேரியா என்றும் எண்ணி நாள் கடத்தி, மயங்கிய நிலையில் மருத்துவமனை சேர்வோர் பலர்.

நோயைத் துணிதற்கு மருத்துவர் முதுகின் கீழ்ப்புறத்தில் எலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தித் தண்டுவட நீரைச் சிறிது எடுப்பர். 1891-இல் குவிங்கே என்னும் செருமானிய மருத்துவர் வகுத்த முறை இது. தண்டுவடம் அவ்விடத்துக்கு மேலேயே முடிந்துவிடுதலால் ஊசி அதனைத் தீண்டாது. ஆயினும் மக்கள் இதற்கு அஞ்சுவர். நோய் முற்றி வந்தவர் ஊசிக்குப்பின் இறக்கக் கண்டோர், ஊசியே கொன்றது என்று கருதி மறுப்பது ஆப்பிரிக்க நாடுகளில் மருத்துவர் காணும் பெருந்தடை.

எடுத்த நீரின் ஒரு துளியோடு ஒரு துளி கருமையைக் கலந்து நுண்பெருக்கியிற் காண்பர். அம்மைக்கு 'இந்திய மை' என்று பெயர், ஆக்கியவரோ சீனர். இப்பூஞ்சை தன்னைச் சுற்றிக் கொழகொழத்த தடித்த உறை ஒன்றை அணிந்துள்ளது. மையின் துகள் அவ்வுறைக்குள் புகாது. ஆகவே, கரிய பரப்பில் நிலவைச் சூழ்ந்த பரிவேடம்போல ஒவ்வோர் அணுவைச் சுற்றியும் ஒளிவட்டம் தோன்றும். மறைவதற்கென்று அணிந்த உறையே அதனைக் காட்டிக் கொடுக்கின்றது! கிருமி சிலவேயாயின் மை தவறிவிடும். 2011 முதல் வழங்கும் சோதனைத் தாளோ பத்து நிமிடத்தில் அவ்வுறையின் பொருளைக் கண்டறிந்து உரைக்கும். தலைவலி தோன்றுதற்குச் சில வாரங்கள் முன்பே குருதியில் இதனைக் காணலாம் என்பது பெரும்பேறு.

பூஞ்சையின் உறைப்பொருள் தண்டுவட நீர் வடியும் வழிகளை அடைத்துவிடுவதால் மூளையில் அழுத்தம் மிகும். கண்ணொளியும் உயிரும் போதல் பெரும்பாலும் இதனாலேயே. அழுத்தம் 25 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால், நாடோறுமாயினும் ஊசியிட்டு நீரை வடிப்பர். மருந்தினும் இவ்வெளிய செயலே சில பொழுது உயிர் காக்கும்.

மருந்துகளுள் தலையாயது ஆம்போடெரிசின். தென்னமெரிக்காவின் ஓரினோக்கோ ஆற்றங்கரை மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து 1950-களில் இது பெறப்பட்டது. பூஞ்சையின் மென்தோலைத் துளைத்து இது கொல்லும். அத்தோலின் கொழுப்பும் மனித அணுவின் கொழுப்பும் ஓரளவு ஒத்தவை. ஆதலின், மருந்து நோயாளியின் சிறுநீரகத்தையும் வருத்தும். இதனைத் தணிக்கவே மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுள் அடைத்துத் தரும் முறை பிறந்தது. துணைமருந்தாகிய புளூசைட்டோசின், 1957-இல் புற்றுநோய்க்கென ஆக்கப்பட்டது. அதற்குப் பயன்படாது இதற்குப் பயன்பட்டது. நோய் மிகுந்த ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இது நெடுங்காலம் கிடைக்காமற் போனது வருந்தத்தக்கது. போட்ஸ்வானா, மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, சிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2022-இல் வெளிவந்தது. குமிழி மருந்தை ஒரே முறை மிகுதியாக ஏற்றி, புளூசைட்டோசினும் புளூக்கனசோலும் 14 நாள் வாய்வழித் தந்தனர். பத்து வாரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேர் இறந்தனர்; ஏழு நாள் ஏற்றும் பழைய முறையில் இறந்தோர் 29 பேர். உலக நலவாழ்வு நிறுவனம் அவ்வாண்டே புதுமுறையை ஏற்றது.

எதிர்ப்பாற்றல் குன்றியதால் வந்த நோய்க்கு அதனை உடனே உயர்த்துவதே முறையென்று தோன்றும். உண்மை வேறு. எச்.ஐ.வி. மருந்தை முதலிரு வாரத்திற்குள் தொடங்கியோருள் இறப்பு மிகுந்தது என்று 2014-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. திடீரென விழித்த காவற்படை மூளையில் கிடக்கும் பூஞ்சையைச் சீறித் தாக்க, அப்போரில் மூளையே வீங்கும் என்பர். ஆகவே, அம்மருந்தை நான்கு முதல் ஆறு வாரம் தாழ்த்தே தொடங்குவர். இதற்கிடையே புளூக்கனசோல் எட்டு வாரம் நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அளவில் தொடரும். பின்னர் 200 மில்லிகிராமாகக் குறையும். ஓராண்டேனும் கழிந்து, சி.டி.4 அணுக்கள் 100-ஐக் கடந்து, வைரசும் அடங்கிய பின்னரே மருத்துவர் அதனை நிறுத்துவர்.