வாக்குறுதியும் இரையும்: டூரன்மாட்டின் துப்பறியும் புதினம் பற்றிய ஓர் ஆய்வு

துப்பறியும் புதினம் என்றவுடன் முகஞ்சுளித்தல் நம் ஆராய்ச்சியாளரிடையே வழக்கமாகிவிட்டது. புகைவண்டியில் படித்து, இறங்குமிடத்தில் விட்டுச் செல்லும் நூல் என்பது அதற்கு வாய்த்த பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதிய நாள்தொட்டுத் தமிழில் இவ்வகை நூல்கள் படிப்போரை நிரம்பப் பெற்றிருந்தும், இலக்கிய வரலாறுகளில் ஒரு பத்தியளவு இடம் பெறுதலே அவற்றிற்கு அரிதாயிற்று. ஆயினும், இக்கதைவகைக்கு யாப்பிற்கு நிகரான கட்டுப்பாடு உண்டு. 1841-இல் எட்கர் ஆலன் போ எழுதிய சிறுகதையில் உருப்பெற்று, 1887-இல் கோனன் டாயில் படைத்த செர்லாக் ஓம்சால் உலகெங்கும் பரவிய இவ்வகைக்கு, 1929-இல் ரொனால்டு நாக்ஸ் என்னும் ஆங்கிலக் குருவானவர் பத்து விதிகள் வகுத்தார். எதிர்பாரா நேர்வு எதுவும் துப்பறிவோனுக்குத் துணைபுரிதல் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. குற்றத்தைக் கண்டறிவது அறிவாக இருத்தல் வேண்டுமேயன்றி நற்பேறாக இருத்தல் ஆகாது என்பது அவ்விதியின் கருத்து. எதிர்பாரா நேர்வு துப்பறிவோனைக் கெடுக்கலாமோ என்பதைப் பற்றி அவ்விதி வாய்திறக்கவில்லை. அவ்வினாவையே அடிப்படையாகக் கொண்டெழுந்த புதினம் ஒன்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

பிரீடிரிக் டூரன்மாட் (1921–1990) செருமன் மொழியில் எழுதிய சுவிட்சர்லாந்து நாட்டு ஆசிரியர். நாடகத்தால் பெரும்புகழ் எய்தியவர். அவர் 1958-இல் வெளியிட்ட ‘வாக்குறுதி’ என்னும் புதினம் தோன்றிய வரலாறு சுவையுடையது. குழந்தைகள்மேல் நிகழும் கொடுமைகளைக் குறித்துப் பெற்றோரை எச்சரிக்கும் திரைப்படம் ஒன்றற்குக் கதை எழுதித் தருமாறு படத்தயாரிப்பாளர் லாசர் வெக்சிலர் அவரை வேண்டினார். படமும் அதே 1958-இல் வெளிவந்தது. அதன்கண் துப்பறிவோன் வெல்கின்றான், கொலைஞன் வலையில் வீழ்கின்றான், குழந்தை தப்புகின்றது. கதை எழுதியவருக்கோ மனம் அமையவில்லை. முடிந்த கதையை மீண்டும் எடுத்து, வேறொரு முடிவை நோக்கிச் செலுத்திப் புதினமாக்கினார். ஒரு குறிப்பிட்ட வழக்கைப் பற்றிய கதை துப்பறிவோன் என்னும் மாந்தவகையைப் பற்றிய வழக்காக மாறிவிட்டது என்னும் கருத்தை நூலின் பின்னுரையில் அவரே தெரிவிக்கின்றார்.

நூலின் துணைத்தலைப்பு நம்மனோர் நின்று நோக்கத்தக்கது. குற்றப் புதினத்திற்கு ஓர் ‘இரெக்குவியம்’ என்பது அது. இறந்தோர் உயிர் அமைதி பெறுமாறு கத்தோலிக்கத் திருச்சபையில் நிகழ்த்தும் வழிபாட்டிற்கு அப்பெயர். இதனைத் தமிழில் பெயர்க்கப் புகுவார்க்குக் ‘கையறுநிலை’ என்னும் புறத்துறைப் பெயர் உடனே நினைவிற்கு வரும். ஆயின் இரண்டும் முற்றும் ஒன்றல்ல. இரெக்குவியம் இறந்தாரை நோக்கியது. கையறுநிலையோ எஞ்சி நிற்பார் செயலற்றுப் புலம்பும் நிலை. இப்புதினத்தைப் படித்து முடித்தபின் நம் துறைப்பெயரே பொருத்தமிக்கது என்று எனக்குத் தோன்றிற்று. காரணம் பின்னர்ப் புலனாகும்.

கதைக்குள் கதையாக நூல் அமைந்துள்ளது. குற்றப் புதினம் எழுதும் கலையைக் குறித்துக் கூர் என்னும் நகரில் சொற்பொழிவாற்றிய ஆசிரியர் ஒருவரைச் சூரிச் மாநிலக் காவல்துறையின் முன்னாள் தலைவர் தம் காரில் அழைத்துச் செல்கின்றார். வழியில் ஒரு பெட்ரோல் நிலையம். அங்கே கல்லிருக்கையில், மழிக்கப்படாத முகத்தோடு, குடிநாற்றம் வீச, யாரோ வருவான் என்று முணுமுணுத்துக்கொண்டு ஒரு கிழவன் அமர்ந்திருக்கின்றான். அவன் ஒருகாலத்தில் தம் துறையின் தலைசிறந்த அறிவாளியாக விளங்கியவன் என்று கூறிக் காவல் தலைவர் கதையைத் தொடங்குகின்றார்.

அவன் பெயர் மத்தேயி. ஐம்பது அகவை கடந்தவன், மணம் புரியாதவன், குடியும் புகையும் அறியாதவன். தொழிலன்றி வேறு வாழ்வில்லாத அவனை உடன்பணியாற்றுவோர் மதித்தனர், எவரும் விரும்பியதில்லை. யோர்தான் நாட்டுக் காவல்துறையைச் சீரமைக்க அவன் புறப்படவிருந்த வேளையில், மேகன்டார்ஃப் என்னும் சிற்றூரை அடுத்த காட்டில் கிரிட்லி மோசர் என்னும் சிறுமி சவரக்கத்தியால் கொல்லப்பட்டுக் கிடக்கும் செய்தி வருகின்றது. செய்தி தந்தவன் ஃபான் குன்டன் என்னும் தலைச்சுமை வணிகன். முன்னரே ஒரு குற்றத்திற்காகத் தண்டனை பெற்றிருந்த அவன்மேல் ஊரார் ஐயம் பாய்கின்றது. சிறுமியின் பெற்றோர்க்குச் செய்தி சொல்லும் பணியை ஏற்க எவரும் துணியாமையின் மத்தேயியே செல்கின்றான். கொலைஞனைக் கண்டுபிடிப்பதாகத் தன் ஆன்மாவின் பேற்றின்மேல் ஆணையிட்டு உறுதி கூறுமாறு தாய் கேட்கின்றாள். அவ்விடத்தை விட்டு அகலவேண்டும் என்னும் ஒரே நினைவோடு அவன் உறுதி கூறுகின்றான்.

இவ்விடத்தைத் திறனாய்வாளர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். வாக்குறுதி அன்பாற் பிறந்ததன்று, அறச்சினத்தாற் பிறந்ததுமன்று. துயரத்தின்முன் நிற்கமாட்டாத ஒருவன் தப்பிக்கச் சொன்ன சொல் அது. சொன்ன சொல் சொன்னவனைப் பற்றிக்கொள்வதே பின்வரும் கதை. உணர்ச்சியைத் தன் வாழ்வினின்றும் ஒதுக்கிவைத்திருந்த அவனைப் பொருளின்றிச் சொன்ன ஒரு சொல்லே சிறைப்படுத்துகின்றது.

வணிகனை இருபது மணிநேரத்திற்கு மேலாகத் தொடர்ந்து வினவுகின்றனர். களைத்துச் சோர்ந்து குற்றத்தை ஒப்புக்கொண்ட அவன் சிறையறையில் தூக்கிட்டு இறக்கின்றான். வழக்கு முடிந்தது என்பதில் அனைவர்க்கும் மனநிறைவு. அவனை வினவிய கென்சி தீயவன் அல்லன். முன்னேற விரும்பும் நல்ல அலுவலன். கொடியோர் எவருமின்றியே ஒரு குற்றமற்றவன் சாகின்றான் என்பதை ஆசிரியர் அடிக்கோடிடாமல் சொல்லிச் செல்கின்றார். மத்தேயி வானூர்தி நிலையம்வரை சென்று, அங்குக் கூடிநின்ற குழந்தைகளைக் கண்டு, ஏறாமல் திரும்புகின்றான். யோர்தான் பதவியும் போயிற்று. பழைய பதவியும் இல்லை.

அதன்பின் அவன் தனித்து நடத்தும் ஆராய்ச்சி, துப்பறியும் இலக்கியத்தில் தலையாயது எனத்தகும். சாங்கட் காலன், சுவிட்சு என்னும் மாநிலங்களில் முந்தைய ஆண்டுகளில் இவ்வாறே இரு சிறுமியர் கொல்லப்பட்டிருந்தனர். மூன்றும் ஒருவன் செயலே என்று துணிகின்றான். இறந்த சிறுமி பள்ளியில் வரைந்த ஓவியம் ஒன்று அவனுக்குக் கிடைக்கின்றது: பேருருவன் ஒருவன், அவன் சிறுமிக்குத் தரும் சின்னஞ்சிறு முள்ளெலிகள், ஒரு கார், கொம்புடைய விந்தையான விலங்கு ஒன்று. காவல்துறையார் இதனைக் குழந்தையின் கற்பனை எனத் தள்ளினர். மத்தேயியோ ஒரு பாடலுக்கு உரைகாண்பான் போல ஒவ்வோர் உருவாக நின்று பொருள் காண்கின்றான். முள்ளெலி என்பது மேற்புறம் முள்முள்ளாக அமைந்த சாக்கலேட்டு உருண்டை. கொம்புடைய விலங்கு மலையாடு. அது கிரவுபூண்டன் மாநிலத்தின் சின்னம். அம்மாநிலக் கார்களின் எண்பலகையில் பொறிக்கப்படுவது. ஆகவே கொலைஞன் கிரவுபூண்டனிலிருந்து சூரிச் நோக்கிக் காரில் வருபவன். ‘கற்பனை’ என்று பெரியோர் ஒதுக்கியதில் ஒரு கோடும் பொய்யில்லை. குழந்தை கண்டதையே வரைந்திருந்தாள். பாடத்தை நம்பி உரைகாணும் பயிற்சியுடைய நம்மவர்க்கு இப்பகுதி தனியின்பம் பயக்கும் என்பதில் ஐயமில்லை.

இவ்வின்பத்திலேதான் நஞ்சும் கலந்துள்ளது. கொலைஞனைப் பிடிக்கும் வழியை மத்தேயி மீன்பிடிக்கும் சிறுவரிடமிருந்து கற்கின்றான்: தக்க இடமும் உயிருள்ள இரையும் வேண்டும். இடமாகக் கூர் நகரை அடுத்த நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் நிலையத்தை எடுத்து நடத்துகின்றான். இரையாக, இறந்த சிறுமியைப் போன்ற தோற்றமுடைய அன்னமாரி என்னும் குழந்தையைத் தேர்கின்றான். அவள் தாய் கெல்லர் என்பாள், உடலை விற்றுப் பிழைத்தவள்; வாழ்வு கிடைத்தது என நம்பி மகளோடு அங்கு வந்து குடியேறுகின்றாள். சாலையோரத்தில் குழந்தை விளையாடுகின்றது. மத்தேயி காத்திருக்கின்றான்.

ஒருநாள் அக்குழந்தையின் கையிலும் முள்முள்ளான இனிப்பு உருண்டைகள் காணப்படுகின்றன. இனிப்புத் தந்தவன் மீண்டும் வருவான் என்று குழந்தை நம்புகின்றது. காட்டின் வெட்டவெளியில் சிவப்பு உடையுடன் அவள் அமர்ந்திருக்க, காவலரும் அரசு வழக்குரைஞரும் புதர்களில் மறைந்திருக்கின்றனர். நாட்கள் கழிகின்றன, எவனும் வரவில்லை. பொறுமையிழந்த அதிகாரிகள் குழந்தையைச் சூழ்ந்து வினவுகின்றனர், அடிக்கவும் செய்கின்றனர். தாய் வந்து பார்க்கின்றாள். தன் மகள் எதற்காக வளர்க்கப்பட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்துவிடுகின்றது. அனைவரும் திரும்பிச் செல்ல, மத்தேயி மட்டும் அங்கேயே தங்கிவிடுகின்றான்.

ஆண்டுகள் பல சென்றபின், சாகுந்தறுவாயிலிருந்த சிரோட் என்னும் செல்வக்குடி மூதாட்டி காவல் தலைவரை மருத்துவமனைக்கு அழைத்து உண்மையைச் சொல்கின்றாள். கொலைகளைச் செய்தவன் அவளினும் மிக இளையவனான அவள் கணவன் ஆல்பர்ட். நான்காம் கொலைக்குச் செல்லும் வழியில் கார் விபத்தில் மாண்டான். மத்தேயி இட்ட கணக்கு முழுதும் சரி, வரவேண்டியவன் வந்துகொண்டேயிருந்தான், வழியில் இறந்தான். இச்செய்தியைக் காவல் தலைவர் சென்று உரைக்கும்போது அதனை வாங்கிக்கொள்ளும் நிலையில் மத்தேயி இல்லை.

தற்செயல் அறிவை வென்றது என்பதே இக்கதையின் கருத்து எனப் பலரும் கொள்வர். காவல் தலைவர் கூற்றும் அதுவே. சதுரங்கம்போல் காய்நகர்த்திச் செல்லும் புதின ஆசிரியர்கள் உலகியலை மறைக்கின்றனர் என்று அவர் சாடுகின்றார். மாந்தர் எத்துணைத் திட்டமிட்டு இயங்குகின்றனரோ அத்துணை வன்மையாகத் தற்செயல் அவர்களைத் தாக்கும் என்னும் கருத்தை, 1962-இல் தம் ‘இயற்பியலாளர்’ நாடகத்திற்கு எழுதிய குறிப்புகளில் டூரன்மாட்டும் கூறியிருத்தல் இக்கொள்கைக்கு அரணாகின்றது.

இக்கொள்கை பிழையன்று, ஆனால் பாதியே உண்மை என்பது என் துணிபு. நூலுள் பேசுபவர் காவல் தலைவர். குற்றமற்ற வணிகன் இறந்தது அவர்தம் ஆட்சியில். குழந்தையை இரையாக்கிய திட்டத்திற்கு இசைந்தவரும் அவர். புதரில் காத்திருந்தவரும் அவர். எல்லாம் தற்செயல் என்று முடிவுகட்டுதல் அவர்க்கு வசதியானது. அவர் கூற்றை ஆசிரியர் கூற்றாகக் கொள்ளுதல், நாடகப் பாத்திரத்தின் வாய்மொழியைப் புலவன் கொள்கை என்று கொள்வதனோடு ஒக்கும். மூன்று சிறுமியரின் உயிர் சென்றது தற்செயலால் அன்று. ஒரு மாளிகையில் உண்மை நெடுங்காலம் தெரிந்தேயிருந்தது. முதற்கொலையை அறிந்த மூதாட்டி இனிச் செய்யாதே என்று கணவனைக் கடிந்துகொண்டாள். இரண்டாவதையும் மூன்றாவதையும் அவ்வாறே கடிந்துகொண்டாள். குடிப்பெயர் காக்க வாய்மூடியிருந்தாள். மருத்துவமனைக் கட்டிலில் அவள் வீட்டுச்செய்தி பேசுவதுபோல் இதனைச் சொல்லும் பகுதி நூலிலேயே அச்சமிக்கது. அவளை விபத்து என்று சொல்ல இயலுமோ?

மற்றொன்று. தற்செயல் குறுக்கிடாதிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும்? அதற்கு விடை திரைப்படத்தில் உள்ளது. கொலைஞன் அகப்பட, குழந்தையை இரையாக்கிய செயல் வெற்றியின் ஒளியில் மறைந்துபோகின்றது. காண்போர் மூச்சுவிட்டு எழுகின்றனர். புதினத்தில் கொலைஞன் வாராமையால் அச்செயல் மறைப்பின்றி நிற்கின்றது. பிறரைக் கருவியாக்கும் நெறி டூரன்மாட்டின் எழுத்தில் புதியதுமன்று. 1952-இல் நூலாக வந்த ‘நீதிபதியும் தூக்கிலிடுவோனும்’ என்னும் புதினத்தில், நோயால் இறந்துகொண்டிருக்கும் ஆய்வாளர் பேர்லாக், கொலை செய்த தன் உதவியாளனையே ஏவுகருவியாக்கிப் பழம்பகைவனை ஒழிக்கின்றார். அங்கே கருவியானவன் குற்றவாளி. ஆதலின் நாம் பெரிதும் கலங்குவதில்லை. இங்கே கருவி ஒரு குழந்தை.

இன்னும் நுணுகிக் காணின், குற்றம் மத்தேயியோடு நிற்கவில்லை. வெட்டவெளிக் காட்சியைப் படிக்கும் நாம் கொலைஞன் வரவேண்டும் என்றே விழைகின்றோம். அவன் வரவில்லையே என்று சலித்துக்கொள்கின்றோம். சவரக்கத்தியோடு ஒருவன் ஒரு சிறுமியை நெருங்கவேண்டும் என்பதன்றோ அவ்விழைவின் பொருள்? படிப்போனையும் புதரில் அமர்த்திவிட்டு, வராத கொலைஞனுக்காகச் சலிக்கவைத்து, அச்சலிப்பே குழந்தைமேல் அடியாக விழுவதைக் காட்டுகின்றார் ஆசிரியர். இரெக்குவியம் எவருக்கு என்னும் வினாவிற்கு விடை இங்குளது எனலாம். குற்றப் புதினத்தைச் சுவைத்துப் பழகிய நம் அமைதியான மனநிலையே ஈண்டு இறந்தது. கையற்று எஞ்சினோர் நாமே.

2001-இல் சீன் பென் இப்புதினத்தை அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திற்கு மாற்றித் திரைப்படமாக்கியபோது, முதற்படத்தின் முடிவை விடுத்துப் புதினத்தின் முடிவையே கைக்கொண்டார். காத்திருக்கும் முதியவனாக ஜாக் நிக்கல்சன் நடித்தார். படத்தின் எஞ்சிய பகுதிகளைப் பற்றி ஈண்டு விரிப்பின் பெருகும்.

ஒரு சிறுசெய்தி மட்டும் கூறற்பாலது. புதினத்தின் தொடக்கத்தில், பெட்ரோல் நிலையத்தை ஒட்டிய குடிக்கடையில் ஆசிரியர் ஒரு பெண்ணைக் காண்கின்றார். மெலிந்து வாடிய அவளுக்கு முப்பது அகவை இருக்கும் என எண்ணுகின்றார். அவளுக்குப் பதினாறே ஆண்டு என்று காவல் தலைவர் முணுமுணுக்கின்றார். அவள் அன்னமாரி என்பது முதல்முறை படிப்போர்க்குத் தெரியாது. பேச்சு உடனே வேறிடம் செல்கின்றது, கார் புறப்பட்டுவிடுகின்றது.