கொஞ்ச காலம்தான் என்று கப்பல் ஏறினார்கள்!

பிரேசிலில் குடியேறிய ஜப்பானியக் குடும்பங்களின் கதை

1908-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி.

ஜப்பான் நாட்டின் கோபே துறைமுகத்தில் இருந்து "கசாடோ மாரு" என்ற கப்பல் புறப்பட்டது. கூலி வேலைக்கு ஒப்பந்தம் செய்துகொண்ட 781 பேர் அதில் இருந்தார்கள். பெரும்பாலோர் குடும்பத்தோடு போனார்கள்.

அவர்கள் போன நாடு பிரேசில். அது தென் அமெரிக்காவில் இருக்கிறது. உலக உருண்டையில் ஜப்பானுக்கு ஏறக்குறைய நேர் மறுபக்கம்! ஜப்பானில் பொழுது விடியும்போது அங்கே பொழுது சாயும்.

"அங்கே காப்பி விளைகிறது. அது பணம் காய்க்கும் மரம்!" என்று ஆள் சேர்த்தவர்கள் ஆசை காட்டினார்கள்.

யாரும் அங்கேயே தங்கிவிட நினைக்கவில்லை. சில வருடம் பாடுபடுவது, கை நிறையப் பணம் சேர்ப்பது, ஊருக்குத் திரும்பி நிலம் வாங்குவது, இதுதான் திட்டம்.

திட்டம் பலித்ததா?

ஏன் போனார்கள்?

பிரேசிலில் வெகு காலம் அடிமைகளைக் கொண்டுதான் தோட்ட வேலை நடந்தது. 1888-ம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தது. பிறகு இத்தாலி நாட்டில் இருந்து கூலியாட்கள் வந்தார்கள். அவர்கள் படும் பாட்டைக் கேட்ட இத்தாலிய அரசு, 1902-ல், தோட்டக்காரர் செலவில் ஆட்கள் போவதைத் தடுத்தது. காப்பித் தோட்டங்களுக்கு ஆள் பஞ்சம் வந்தது.

ஜப்பானிலோ வேலைப் பஞ்சம். 1904-05-ல் நடந்த ரஷியப் போருக்குப் பின் கிராமங்கள் கடனிலும் வரியிலும் தவித்தன. அமெரிக்காவோ ஜப்பானியக் கூலிகளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது.

ஓர் இடத்தில் ஆள் இல்லை. மற்றோர் இடத்தில் வேலை இல்லை. இரண்டையும் கப்பல் சேர்த்து வைத்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. தனி ஆள் வேண்டாம், குடும்பம்தான் வேண்டும். அதில் 12 வயதுக்கும் 45 வயதுக்கும் இடைப்பட்ட, உழைக்கக் கூடியவர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும்.

புதிதாகக் கல்யாணம் ஆனவன் மூன்றாவது ஆளுக்கு எங்கே போவான்? தம்பியைச் சேர்த்துக்கொண்டான். தம்பி இல்லாதவன் தெரிந்த பையனைத் தத்துப் பிள்ளை என்று எழுதினான். கப்பலில் இடம் கிடைப்பதற்காகவே கணவன், மனைவி என்று பெயர் பதிந்தவர்களும் உண்டு.

காகிதத்தில் குடும்பம் ஆனார்கள். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து உண்மையாகவே குடும்பமாகிப் போனவர்களும் உண்டு.

மணி அடித்தது

52 நாள் கடல் பயணம். ஜூன் 18-ந் தேதி கப்பல் சாண்டோஸ் துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்து ரெயிலில் சாவோ பாலோ நகரம். பிறகு ஆறு காப்பித் தோட்டங்களுக்கு அவர்களைப் பிரித்து அனுப்பினார்கள்.

விடியும் முன்பே தோட்டத்து மணி அடிக்கும். எழுந்து ஓட வேண்டும். கங்காணி குதிரை மேல் வந்து மேற்பார்வை செய்வான். அவன் பேசுவது போர்ச்சுகீசிய மொழி. இவர்களுக்கு ஒரு சொல் கூடப் புரியாது.

குடியிருக்கக் கிடைத்தது மண் தரை வீடு. செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, பாய் விரித்த தரையில் உட்கார்ந்து பழகியவர்கள் அவர்கள். மண் தரையில் எங்கே உட்காருவது?

அந்த வருடம் விளைச்சலும் சரியில்லை. அவர்கள் வந்து சேர்ந்ததும் தாமதம். நாள் முழுவதும் பறித்தும் மூட்டை நிறையவில்லை. அரிசியும் உப்பும் தோட்டத்துக் கடையில்தான் வாங்க வேண்டும். விலையோ அதிகம். மாதக் கடைசியில் கூலியைக் கடன் விழுங்கியது.

இரவோடு இரவாக மூட்டை கட்டிக்கொண்டு தப்பிப் போன குடும்பங்கள் பல. ஓராண்டு முடிந்தபோது, அனுப்பிய தோட்டத்திலேயே நிலைத்து நின்றவர்கள் சிறு பகுதியினர்தான்.

ஊருக்குத் திரும்பலாமா? கப்பல் கட்டணத்துக்குப் பணம் இல்லை!

அடுப்படியில் வந்த சங்கடம்

காட்டு வேலை ஆணுக்குக் கஷ்டம் என்றால், சமையல் வேலை பெண்ணுக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிரேசில்காரர்கள் சோற்றைப் பூண்டும் உப்பும் போட்டுக் கொழுப்பில் தாளித்துச் சமைப்பார்கள். பயற்றை உப்பிட்டு, பன்றிக் கொழுப்பில் வேகவைத்து, சோற்றின் மேல் ஊற்றிக்கொள்வார்கள்.

ஜப்பானியருக்குச் சோறு என்றால் உப்புக் கூடப் போடாத வெறும் சோறு. பயறு என்றால் சர்க்கரை சேர்த்த இனிப்புப் பண்டம். பயற்றில் உப்பா? வாயில் வைத்தவர்கள் முகம் சுளித்தார்கள். கொழுப்பின் வாடை வயிற்றைக் குமட்டியது.

மனைவிமார்கள் யோசித்தார்கள். ஊறுகாய் போட ஜப்பான் முள்ளங்கி இல்லை. பப்பாளிக்காய் இருந்தது. அதை அறுத்து உப்பில் ஊறப் போட்டார்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் புளிப்புப் பழம் அங்கே விளையவில்லை. புளிச்சைக் கீரை இனத்துச் செடி ஒன்று விளைந்தது. அதன் சிவப்புப் புற இதழைப் பறித்து உப்பிட்டார்கள். ஏறக்குறைய அதே ருசி, அதே நிறம்!

கிடைத்ததைக் கொண்டு இழந்ததைச் செய்தார்கள்.

உடல் வலி தீர வெந்நீரில் கழுத்தளவு உட்காருவது ஜப்பானியர் வழக்கம். அதற்கு மரத்தொட்டி இல்லை. காலியான எண்ணெய்ப் பீப்பாயை நிமிர்த்தி வைத்து, கீழே விறகு எரித்தார்கள். வீட்டில் உள்ளவர்கள் ஒருவர் பின் ஒருவராக அதில் இறங்கினார்கள்.

கையில் சிறிது காசு சேர்ந்ததும் காட்டு நிலம் வாங்கித் திருத்தினார்கள். அங்கேயும் சோதனைதான். 1915-ல் அமைந்த ஹிரானோ குடியேற்றத்தில் மலேரியாக் காய்ச்சல் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. தப்பியவர்கள் தளரவில்லை. 1927-ல் கோட்டியா என்ற இடத்தில் 83 ஜப்பானிய விவசாயிகள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். உருளைக்கிழங்கு விற்பதற்காகத் தொடங்கிய அந்தச் சங்கம், பின்னாளில் நாட்டின் பெரிய சங்கங்களில் ஒன்றாக வளர்ந்து, 1994 வரை நடந்தது.

மகனே துபாஷி!

1908 முதல் 1941 வரை பிரேசிலுக்கு வந்த ஜப்பானியர் ஏறக்குறைய 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்கள் குடியேறிய ஊர்களில் எல்லாம் பள்ளிக்கூடம் கட்டினார்கள். "நாளைக்கு ஊர் திரும்பும்போது பிள்ளைக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் போனால் அவமானம்!" என்பது பெற்றோரின் கவலை.

பிள்ளைகளுக்கு இரண்டு பெயர். வீட்டில் ஜப்பானியப் பெயர். வெளியில் பிரேசில் பெயர். அப்பா கடைக்குப் போனாலும், டாக்டரிடம் போனாலும் கூடவே மகன் போக வேண்டும். அவன்தான் துபாஷி!

1938-ல் பிரேசில் அரசு புதுச் சட்டம் கொண்டு வந்தது. சிறுவர்களுக்கு அந்நிய மொழியில் பாடம் நடத்தக் கூடாது என்றது. ஜப்பானியப் பள்ளிகள் மூடப்பட்டன. 1941-ல் ஜப்பானியப் பத்திரிகைகளும் நின்றன. இரண்டாம் உலகப் போரில் பிரேசில் எதிர்த் தரப்பில் சேர்ந்தது. பொது இடத்தில் ஜப்பானிய மொழி பேசவும் தடை வந்தது.

போர்ச்சுகீசிய மொழி தெரியாத தாய், தெருவில் தன் குழந்தையை எந்த மொழியில் கூப்பிடுவாள்?

1943 ஜூலையில் சாண்டோஸ் துறைமுகப் பகுதியில் வாழ்ந்த ஜப்பானியக் குடும்பங்களுக்கு 24 மணி நேரக் கெடு கொடுக்கப்பட்டது. கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் விட்டுவிட்டுப் போனார்கள். முதல் கப்பல் வந்து இறங்கிய அதே ஊர்! இந்தக் கொடுமைகளுக்காகப் பிரேசில் அரசின் மன்னிப்பு வந்தது 2024 ஜூலையில்தான். 81 வருடம் கழித்து!

படிக்க முடியாத செய்தி

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரண் அடைந்தது. பிரேசில் பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஆனால் அந்த மொழி பெரியவர்கள் பலருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த மொழியிலோ பத்திரிகை இல்லை.

"ஜப்பானாவது, தோற்பதாவது! எல்லாம் பொய்!" என்று பெரும்பாலோர் நம்பினார்கள். "தோற்றது உண்மைதான்" என்று சொன்னவர்களைத் துரோகிகள் என்றார்கள். வென்றோம் என்பவர் ஒரு கட்சி. தோற்றோம் என்பவர் ஒரு கட்சி. 1946-லும் 1947-லும் நடந்த தாக்குதல்களில் குறைந்தது 23 பேர் உயிர் இழந்தார்கள். ஜப்பானியரை ஜப்பானியரே கொன்றார்கள்!

கண்ணைக் கட்டிவிட்டது போல, செய்தி தெரியாமல் வைத்ததன் பலன் அது.

அதன் பிறகுதான் பல குடும்பங்கள் மனம் மாறின. திரும்பிப் போக ஊர் இருக்கிறது. ஆனால் அது அழிந்து கிடக்கிறது. பிள்ளைகளோ இங்கே பிறந்தவர்கள். இனி இதுதான் நம் நாடு! நிலம் வாங்க வைத்திருந்த பணம் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்குப் போயிற்று.

மனாபு மாபே 1934-ல், 10 வயதில், பெற்றோருடன் கப்பலில் வந்தவர். காப்பித் தோட்டத்தில் உழைத்துக்கொண்டே ஓவியம் பழகினார். 1959-ல் சாவோ பாலோ சர்வதேசக் கலைக் கண்காட்சியில் நாட்டின் சிறந்த ஓவியர் என்று பரிசு பெற்றார். 1969-ல் ஃபாபியோ யசுடா என்ற ஜப்பானிய வம்சத்தவர் பிரேசிலின் மந்திரி ஆனார். ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய வம்சத்தவர் அதிகமாக வாழும் நாடு இன்று பிரேசில்தான். ஏறத்தாழ 20 லட்சம் பேர்!

பேரன் திரும்பினான்

கதை அதோடு முடியவில்லை.

1980-களில் பிரேசிலில் விலைவாசி தலைக்கு மேல் ஏறியது. ஜப்பானின் தொழிற்சாலைகளில் ஆள் பஞ்சம். 1990-ல் ஜப்பான் சட்டத்தை மாற்றியது. வெளிநாட்டில் பிறந்த ஜப்பானிய வம்சத்தவர், பேரன் பேத்தி வரை, வந்து தங்கி வேலை செய்யலாம் என்றது.

பேரன்கள் விமானம் ஏறினார்கள். அவர்களும் "கொஞ்ச காலம்தான்" என்றார்கள்! 2007-ல் ஜப்பானில் இருந்த பிரேசில்காரர்கள் 3 லட்சத்துக்கு மேல்.

முகம் ஜப்பானிய முகம். பெயர் ஜப்பானியப் பெயர். ஆனால் வாயைத் திறந்தால் போர்ச்சுகீசிய மொழி! பிரேசிலில் "ஜப்பான்காரன்" என்று அழைக்கப்பட்டவன், ஜப்பானில் "பிரேசில்காரன்" ஆனான்.

குப்பையை எந்தக் கிழமை, எப்படிப் பிரித்துப் போட வேண்டும் என்று தெரியாமல் அக்கம்பக்கத்தில் மனக்கசப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்து வரும் சீட்டைத் தாயால் படிக்க முடியவில்லை. பாட்டி பிரேசிலில் பட்ட அதே பாடு! இங்கேயும் பிள்ளையே துபாஷி.

2008-ல் தொழில்கள் நொடித்தன. 2009-ல் ஜப்பான் அரசு, ஊர் திரும்ப வேலையாள் ஒருவருக்கு 3 லட்சம் யென் தருவதாகவும், அதே விசாவில் திரும்ப வரக் கூடாது என்றும் சொன்னது. ஆயிரக்கணக்கானோர் போனார்கள். பிள்ளைகளின் படிப்பை நினைத்துப் பலர் தங்கினார்கள்.

ஜப்பானின் குன்மா மாகாணத்தில் ஓயிசுமி என்று ஒரு சிறிய ஊர். அங்கே பிரேசில் கடைகள் இருக்கின்றன. ஊராட்சி அறிவிப்புகள் போர்ச்சுகீசிய மொழியிலும் வருகின்றன. புதிதாக வருபவனுக்குப் புரியும் மொழியில் சொன்னால் பாதிச் சண்டை தீரும் என்பதை அந்த ஊர் அறிந்துகொண்டது.

அந்தக் கடைகளில் பயறு மூட்டை மூட்டையாக இருக்கிறது. உப்புப் போட்டு, பூண்டு தாளித்து, சோற்றின் மேல் ஊற்றிக்கொள்ளும் அதே பயறு!

தாத்தா முகம் சுளித்துத் தள்ளினார். பேரனுக்கு அது இல்லாமல் சோறு இறங்குவதில்லை.